பனிச்சரிவு மீட்புக்கு ஏற்ற ஷவலைத் தேர்ந்தெடுத்தல்

பனி என்றவுடன் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே திருவனந்தபுரத்து மாணவர்களின் நினைவிற்கு வரும். ஆயினும், தென்னாட்டினின்று இராணுவப் பணிக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் மலையேற்றப் பயிற்சிக்காகவும் இமயத்திற்குச் செல்வோர் பலராவர். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சின் பனியாற்றில் சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்நிலையின்மீது பெரும் பனிச்சரிவு விழுந்து, மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. அவர்களுள் தமிழ்நாட்டினரும் கேரளத்தினரும் இருந்தனர். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். பிப்ரவரி 11-ஆம் நாள் அவரும் டில்லியில் காலமானார்.

அவ்வளவு ஆழத்தில் புதைந்தோரை மீட்க இயந்திரங்களும் மோப்ப நாய்களும் தேவைப்பட்டன. ஆனால் மலையில் நடந்து செல்வோர் பனிச்சரிவில் சிக்கும்போது, பெரும்பாலும் ஒரு மீட்டரையொட்டிய ஆழத்திலேயே புதைகின்றனர். அங்கு உயிரைக் காப்பது, உடன் செல்லும் தோழர் கையிலுள்ள ஷவலேயாகும்.

காலமும் கணக்கும்

சுவிட்சர்லாந்து விபத்துகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான முடிவுகளின்படி, முதல் 10 நிமிடத்திற்குள் வெளியே எடுக்கப்படுவோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கின்றனர். 30 நிமிடம் கடந்தால் இத்தொகை ஏறத்தாழ முப்பதாகக் குறைந்துவிடுகிறது. மூச்சுத் திணறலே இதற்கு முக்கிய காரணம்.

புதிதாகப் பெய்த பனி பஞ்சு போன்றது. சரிந்து வரும் பனியின் துகள்களோ ஒன்றோடொன்று மோதி நொறுங்கி, ஓட்டம் நின்ற சிறிது நேரத்தில் ஒட்டி இறுகுகின்றன. இவ்வாறு இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோகிராம் எடையிருக்கலாம். புதைந்தவரின் முகத்தை அடைய ஒரு கன மீட்டர் பனியை அகற்றவேண்டும் எனக் கொள்வோம். ஒரு வாரலில் 2.5 லிட்டர், அதாவது ஒரு கிலோகிராம் பனி அகலுமாயின், 400 வாரல்கள் தேவை. நிமிடத்திற்கு 20 வாரல் வீதம் ஒருவர் தனியே வாரினால் 20 நிமிடம் ஆகும். கருவி வளைந்து பாதியளவே வாருமாயின் 40 நிமிடம் ஆகும். நல்ல கருவிக்கும் தாழ்ந்த கருவிக்கும் உள்ள வேற்றுமை இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

கவனிக்கவேண்டிய உறுப்புகள்

அலகு: வெப்பத்தால் பதப்படுத்தப்பட்ட அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் அலகு இலேசானது; ஆனால் இறுகிய பனியில் நுழையாது வளைந்து எகிறும். அலகின் கொள்ளளவு 2 முதல் 3 லிட்டர் வரை இருப்பது நன்று. மிகப் பெரிய அலகு சில நிமிடங்களிலேயே தோண்டுவோரைக் களைப்படையச் செய்யும். அலகின் மேல்விளிம்பு, பூட்ஸ் காலால் மிதித்து அழுத்துதற்கு ஏற்றவாறு தட்டையாக இருக்கவேண்டும்.

காம்பு: நீட்டவும் சுருக்கவும் கூடியதாக இருப்பின் முதுகுப்பைக்குள் அடங்கும். குட்டையான காம்பு, தோண்டுவோரை மிகவும் குனியச் செய்து முதுகை வருத்தும். முட்டை வடிவக் காம்பு, வட்டக் காம்பைப்போல் பூட்டில் சுழன்றுவிடாது. இருளிலும் விரைவில் பொருத்தலாம்.

கைப்பிடி: தடித்த கையுறையுடன் பற்றக்கூடிய வளையப்பிடி சிறந்தது. குறுக்குப்பிடி இடம் குறைவாகப் பிடிக்கும். எனினும் பற்றுதல் அவ்வளவு உறுதியாயிராது.

மண்வெட்டி நிலை: சில ஷவல்களில் அலகைக் காம்பிற்குக் குறுக்காகத் திருப்பிப் பூட்டலாம். நம் வயல்களில் மண்வெட்டியால் மண்ணை இழுப்பதுபோல் இதனால் பனியை இழுத்துத் தள்ளலாம். மீட்போர் பலராயின் இது பெரிதும் பயன்படும்.

பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பு, மீட்பு ஷவல்களின் வலிமைக்கு 156 என்னும் எண்ணுள்ள தரவரையறையை வகுத்துள்ளது. வாங்குவோர் அக்குறி உள்ளதா எனக் காண்பது நன்று.

பயன்படுத்தும் முறை

ஷவல் தனித்துப் பயன்படுவதில்லை. 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் தேடுகருவியால் இடத்தையும், நீண்ட துழாவுகோலால் ஆழத்தையும் அறிந்த பின்னரே தோண்டவேண்டும். துழாவுகோலை எடுக்காமல் அங்கேயே விட்டு, அதன் நேர்மேலே நில்லாது, புதைந்த ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரம் சரிவின் கீழ்ப்புறம் இறங்கி, அங்கிருந்து உட்புறமாகத் தோண்டுதல் முறை. பனியை மேலே தூக்கி எறியாமல், துடுப்பு வலிப்பதுபோல் பின்னே தள்ளவேண்டும். பலர் இருப்பின் ஆப்பு வடிவில் நின்று, முன்னிற்பவரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் பள்ளித் திடலிலுள்ள ஈரமணலில் இதனைச் செய்துகாட்டலாம். இரும்பு ஷவலாலும் பிளாஸ்டிக் முறத்தாலும் ஒரே அளவு குழியைத் தோண்டச் செய்து, ஆகும் நேரத்தைக் குறிக்கச் செய்க.

வெளிப்பணியாளர் புறப்படுமுன் பனிச்சரிவு முன்னறிவிப்பைக் கேட்டறிதல் முதற் கடமையாகும். சண்டீகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் இமயப் பகுதிகளுக்கு இதனை வழங்கிவருகிறது. இரண்டாவது கடமை, குழுவில் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு ஷவல் வைத்திருத்தல். ஒருவர் சுமக்கும் ஷவல் அவரைக் காப்பதில்லை. அவருடைய தோழரையே காக்கிறது. தம் பையில் சில நூறு கிராம் எடையைக் குறைக்கக் கருதுவோர், அச்சேமிப்பிற்கு விலை கொடுப்பவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.