சாரல் காலத்தில் சலங்கையும் சங்கும்

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று, தென்காசி, குற்றாலம் வீடுகளில் அலமாரிக்குள்ளும் புகுந்துவிடும். குலுக்கும் கருவிகளும் ஊதும் கருவிகளும் ஓசை கெடுவது அப்போதுதான்.

1. சலங்கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவாதீர்கள். பித்தளை பளபளக்கும், ஆனால் மணியின் பிளவு வழியாக நீர் இறங்கி, உள்ளே இருக்கும் இரும்புக் குண்டு துருப்பிடித்து, ஓசை மந்தமாகிவிடும். காய்ந்த துணியில் திருநீறு தொட்டு ஒவ்வொரு மணியாகத் துடையுங்கள். ஆடி முடித்ததும் வியர்வை ஊறிய தோல் பட்டையைக் காற்றாடத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் பூஞ்சணம் பூத்துவிடும்.

2. சங்குக்கு எலுமிச்சையும் வினிகரும் ஆகவே ஆகாது. சங்கு சுண்ணாம்பால் ஆனது. புளிப்பு அதை அரித்துவிடும். ஊதியபின் பச்சைத் தண்ணீரில் அலசி, சுருளுக்குள் நிற்கும் நீர் வடியும்படி கவிழ்த்து வையுங்கள். அவசரத்துக்கு அடுப்பருகே வைக்க வேண்டாம்.

3. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு முடிந்து வீடு வந்ததும் வில்லின் நாணைத் தளர்த்துங்கள். மணிகள் உரசாமல் துணி சுற்றி, ஈரச் சுவரில் சாய்க்காமல் வையுங்கள்.

4. கஞ்சிராத் தோல் சாரலில் தானாகவே இளகியிருக்கும். வழக்கம்போல் தண்ணீர் தடவினால் ஒலி தொய்ந்துவிடும். முதலில் தட்டிப் பார்த்துவிட்டு, தேவையானால் மட்டும் உட்புறம் இரண்டு சொட்டு. புதிதாக வாங்குவோர் உடும்புத் தோல் கேட்காதீர்கள். உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள உயிர். மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடையேற்றிய அந்தக் கருவி, இன்று ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் நன்றாகவே பேசுகிறது.

5. பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை செய்யும்போது குன்றிமணி வேண்டவே வேண்டாம். அழகான விதைதான், ஆனால் கொடிய நஞ்சு. மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. பச்சைப்பயறு போதும். வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்து நிரப்பினால் வண்டு வராது. சன்னமான ஓசைக்கு அரிசி, கனத்த ஓசைக்குக் கொண்டைக்கடலை. பிள்ளை திறக்க முடியாதபடி மூடியைப் பசையிட்டு ஒட்டுங்கள். குலுக்கும் ஓசை பிள்ளை விளையாட்டு மட்டுமல்ல. மொஸார்ட் 1791இல் தம் நடன இசை ஒன்றில் பனிச்சறுக்கு வண்டி மணிகளைக் குலுக்க வைத்தார். இசைக்குழுவுக்கே வேண்டியிருக்கிற ஓசை இது.

6. மேற்கத்திய இசைக்குழுவில் விசில் ஊதும் வேலை பெரும்பாலும் தாளக் கருவிக்காரருடையது. வாயில் வைத்து ஊதுவது என்பதால், வீட்டில் ஆளுக்கொரு விசில் கொடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளே உள்ள குண்டு தடையின்றி உருளும் வரை உதறிக் காயவையுங்கள்.