கயிறு நம் கையில்: தில்லி வெயிலும் நாய் நடையும்

லக்ஷ்மிபாய் நகரில் நாய் வளர்ப்பவர்களுக்கு நடக்கச் சாலைக்குப் பஞ்சமில்லை. குடியிருப்பின் உள்தெருக்களில் தொடங்கி, வினய் மார்க்கைப் பிடித்து, சாணக்யபுரி நேரு பூங்கா வரை காலாறப் போகலாம். பஞ்சமெல்லாம் நிழலுக்குத்தான். வேம்பும் நாவலும் கவிந்த தெரு ஒன்று முடிந்ததும் மொட்டை வெயில் காயும் அகலச் சாலை தொடங்கிவிடும். பக்கத்துச் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் தந்தது. அதற்காக நிழல் தரும் மரங்களை வெட்டுவதை எதிர்த்து 2018 ஜூனில் சரோஜினி நகரில் மக்கள் திரண்டதும், தில்லி உயர் நீதிமன்றம் மரவெட்டுக்குத் தடை விதித்ததும் இந்தப் பகுதிக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

கோடை பிறந்தால் நாயோடு நடப்பவர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவிருக்காது. டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளி வாசலில் பேரனை விட வந்த மாமி ஒன்று சொல்வார், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கும் சார் அதற்கு நேர்மாறாக ஒன்று சொல்வார். அப்படிப் புழங்கும் நம்பிக்கைகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: தெருநாய் நாளெல்லாம் வெயிலில்தானே கிடக்கிறது? நாய்க்கு வெயில் ஒன்றும் செய்யாது.

உண்மை: தெருநாய் வெயிலில் கிடப்பதில்லை. மே மாத நண்பகலில் தேடிப் பாருங்கள்: நிறுத்தி வைத்த காருக்கு அடியில் இருக்கும், குழாயடி ஈரமண்ணைப் பறித்துப் படுத்திருக்கும், கடைக் கதவிடுக்கில் கசியும் ஏ.சி. காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கும். அதன் நடமாட்டமெல்லாம் விடியலிலும் இரவிலும்தான். எங்கே ஒதுங்குவது, எப்போது நடப்பது என்று அதுவே முடிவெடுக்கிறது. கழுத்தில் கயிறு மாட்டிய நாய்க்கு அந்த உரிமை இல்லை. அதற்காக முடிவெடுப்பவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்கு உடலெங்கும் வியர்த்துச் சூடு தணியும். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்காலில் மட்டுமே. அதனால் பெரிய பலனில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதற்கு இருக்கும் முக்கிய வழி. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் மூளை, சிறுநீரகம், குடல் என்று ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும்.

நம்பிக்கை: செய்தியில் 36 டிகிரி என்றுதான் சொன்னார்கள். அதை நாய் தாங்கும்.

உண்மை: அந்த எண் உங்கள் நாய் நடக்கும் இடத்தின் வெப்பம் அல்ல. தில்லிக்கென்று அறிவிக்கப்படும் வெப்பநிலை சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் எடுக்கப்படுகிறது. அது லக்ஷ்மிபாய் நகருக்குப் பக்கத்தில்தான். ஆனால் அங்கே வெப்பமானி இருப்பது காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், நிழலில். நாயின் வயிறோ தார்ச்சாலைக்கு ஓர் அடி மேலே. நேர்வெயிலில் காயும் தார், காற்றைவிட இருபது டிகிரிக்கும் மேல் சூடாக இருப்பது சாதாரணம். 60 டிகிரிச் சூட்டில் மனிதத் தோல் ஐந்தே நொடியில் புண்ணாகிவிடும். நாயின் பாதம் நம் தோலைவிடத் தடிமன் என்றாலும் அதுவும் தோல்தான். வெந்து கொப்பளித்து உரியும்.

உச்சிவேளையில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு அந்தச் சாலை நாய்க்கு ஆகாது. மண்ணும் புல்லும் உள்ள ஓரத்தைத் தேடுங்கள், அல்லது வீட்டுக்குத் திரும்புங்கள்.

நம்பிக்கை: வெயில் தாழ்ந்துவிட்டால் பயமில்லை.

உண்மை: சென்னையில் மாலையானால் கடற்காற்று வரும். தில்லியில் அது கிடையாது. பகலெல்லாம் சூடேறிய தாரும் கான்கிரீட்டும் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவானது பலருக்கு நினைவிருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது அடுத்த மாதம் நடந்தது. ஜூன் 19 அன்று பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி. இரவின் மிகக் குளிர்ந்த நேரத்தில் இருந்த சூடு அது.

தில்லிக் கோடையில் தரையும் காற்றும் ஓரளவு ஆறியிருப்பது விடியலை ஒட்டித்தான். ஜூனில் ஐந்தரை மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். நீண்ட நடையை அதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வெளியே கூட்டிப்போவது மூத்திரம் பெய்து திரும்புமளவுக்கு இருந்தால் போதும். நாயை நடத்திப் போக ஆள் வைத்திருப்பவர்கள், அவருக்கு வசதியான நேரம் மாலை நான்கு மணியா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நம்பிக்கை: மழை தொடங்கிவிட்டால் கவலை விட்டது.

உண்மை: நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் இரைப்பதில் பலன். காற்றில் ஏற்கெனவே ஈரம் ததும்பினால் ஆவியாதல் மந்தமாகிவிடும். மே மாதத்து வறண்ட 40 டிகிரியை நாம் கண்டு பயப்படுகிறோம். ஜூலை மாதத்துப் புழுக்கமான 34 டிகிரியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். நாய்க்கு இரண்டும் ஆபத்துதான். வானம் மூடியிருக்கிறது என்பதற்காக நடையை நீட்டாதீர்கள்.

நம்பிக்கை: அதிகாலை நடைதான் ஆண்டு முழுவதும் நல்லது.

உண்மை: சென்னைக்கு இது பொருந்தலாம். தில்லியில் நவம்பர் வந்ததும் கணக்கு தலைகீழ். குளிர்கால விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடும்; மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று அதை மூடிபோட்டு அடைத்துவிடும். வாகனப் புகை, கட்டுமானத் தூசி, குப்பை எரித்த புகை எல்லாம் அந்த அடுக்குக்குள்ளேயே நிற்கும். வெயில் ஏறி காற்று கலையும்போதுதான் மூச்சுவிட முடியும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் வெயில் காயும் அகலச் சாலையே நல்ல சாலை. நண்பகலை ஒட்டிய நேரமே நல்ல நேரம். காற்றுத் தரக் குறியீடு ‘கடுமை’ என்று காட்டும் நாட்களில் நடையைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்குள் விளையாடலாம்.

நம்பிக்கை: களைத்தால் நாயே நின்றுவிடும்.

உண்மை: பல நாய்கள் நிற்பதில்லை. ஆள் நடக்கும் வரை நடக்கும், பந்து எறியும் வரை ஓடும், பிறகு சுருண்டு விழும். பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நடையாலும் ஓட்டத்தாலும் வந்தவை. காரில் அடைபட்டு வந்தவை சுமார் 5 சதவீதம். பிரிட்டனின் இதமான வெயிலிலேயே நிலைமை இது.

சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2003இல் ஹட்ச் செல்பேசி நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஓடிய பக் நாய் இந்தியா முழுவதும் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கு போனாலும் பின்னால் வரும் என்று விளம்பரம் காட்டிய அந்த இனத்துக்கு, ஒடுங்கிய மூச்சுப்பாதையால் சரியாக இரைக்கக்கூட முடியாது. பக், புல்டாக், ஷீட்ஸு வைத்திருப்பவர்கள் கோடையில் நீண்ட நடையை மறந்துவிடலாம். வயதானவை, உடல் பருத்தவை, இதய நோயுள்ளவை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். வாய்ப்பூட்டு போடுவதாக இருந்தால் வாயைத் திறந்து இரைக்க இடம் தரும் கூடை வடிவப் பூட்டையே போடுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையைப் போட்டு வெயிலில் நடத்தாதீர்கள்.

நம்பிக்கை: நம்மூர் நாட்டு நாய் என்றால் எந்த வெயிலும் தாங்கும்.

உண்மை: பிரதமர் 2020 ஆகஸ்ட் மாத வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்னதும் வடக்கேயும் அவற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஒல்லியான உடல், நீண்ட மூக்கு, குட்டை முடி எல்லாம் வெப்பத்தைச் சமாளிக்க உதவுபவைதான். ஆனால் அவற்றுக்கும் வியர்வை உள்ளங்காலோடு சரி. 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற ராஜபாளையம் நாய்க்கு வெள்ளை முடி, அதன் கீழே இளஞ்சிவப்புத் தோல். மூக்கிலும் காது நுனியிலும் கடும் வெயில் பட்டால் வெந்துவிடும். தில்லியில் நான்காவது மாடி வீட்டில் ஏ.சி.யில் வளர்ந்த சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில் வளர்ந்த அதன் பாட்டனைப் போல் வெயிலுக்குப் பழகியிருக்காது.

நம்பிக்கை: முடியை ஒட்ட மழித்துவிட்டால் குளுமையாக இருக்கும்.

உண்மை: பொமரேனியன், ஸ்பிட்ஸ், ஹஸ்கி போன்றவற்றின் இரட்டை அடுக்கு முடி, வெளிச்சூடு தோலை எட்டாமல் தடுக்கிறது. மழித்தால் வெயில் நேரே தோலில் விழும். சில நாய்களுக்கு முடி பழையபடி வளராது. தினமும் சீவி, உதிர்ந்த அடிமுடியை எடுத்தாலே காற்று புகும். அடிவயிற்று முடியை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: தயிர் சாதம் போட்டால் சூடு தணியும்.

உண்மை: வெயிலில் ஏறிய உடல் வெப்பத்தைத் தயிர் சாதம் இறக்காது. எப்போதாவது கொஞ்சம் கொடுத்தால் கெடுதலும் இல்லை. ஆனால் அதில் கலப்பவற்றில் கவனம் தேவை. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். விசேஷ நாள் தயிர் சாதத்தில் போடும் திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியவை. நடைக்குப் போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியது தண்ணீரும் ஒரு கிண்ணமும். நடுநடுவே நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க விடுங்கள்.

நம்பிக்கை: மார்க்கெட்டில் ஐந்து நிமிட வேலைதான். கார்க் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் போனால் போதும்.

உண்மை: 2005இல் அமெரிக்காவில் நிறுத்திய கார்களை வைத்துச் செய்த ஆய்வில், உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறியது, அதில் பெரும்பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எந்த வேலையும் ஐந்து நிமிடத்தில் முடிவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். காய் வாங்கும் பயணத்தையும் நாய் நடையையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்.

நம்பிக்கை: வெயிலில் மயங்கிய நாய்மேல் குளிர்ந்த நீர் ஊற்றக்கூடாது. ஈரத்துண்டைப் போர்த்தி, காய்ச்சல் மாத்திரை கொடுத்து, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

உண்மை: உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை இது. குளிர்நீரால் அதிர்ச்சி வரும் என்ற பழைய அச்சத்தை இன்றைய மருத்துவ வழிகாட்டல் ஏற்பதில்லை. முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம் என்பதே விதி. பிரிட்டனில் பாதிக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மட்டுமே மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் குளிர்விக்கப்பட்டிருந்தது என்று 2023இல் வெளியான ஆய்வு சொன்னது.

ஓயாத இரைப்பு, கெட்டியான எச்சில், செக்கச்சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நடையை அங்கேயே நிறுத்துங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய் உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். மூக்கிலும் வாயிலும் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இளமையும் ஆரோக்கியமும் உள்ள நாய் என்றால் தலையை மேலே பிடித்துக்கொண்டு தொட்டியில் இறக்கலாம். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டால் சூடு உள்ளேயே அடைபடும். தில்லியில் இன்னொரு சிக்கல்: மே மாதப் பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீர் கொதிக்கும். அதனால் கோடை முழுவதும் வீட்டுக்குள் இரண்டு வாளி நீர் பிடித்து வையுங்கள்.

வெப்பத்தாக்கு காய்ச்சல் அல்ல. மாத்திரைக்கு அது கட்டுப்படாது. இபுப்ரோஃபென் போன்ற மனித மாத்திரைகள் நாய்க்கு நஞ்சு. குளிர்வித்த பிறகு, எழுந்து வாலாட்டினாலும்கூட, ஏ.சி. ஓடும் காரில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளுறுப்புச் சேதம் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாதவர்கள் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கோடையில் விடியல், குளிர்காலத்தில் நண்பகல், எப்போதும் கையில் தண்ணீர். ஒரு நாள் நடை தவறினால் நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது. தப்பான நேரத்து ஒரே ஒரு நடை அதன் உயிரைக் கொண்டுபோய்விடும்.