தண்ணீர் குறைந்தால் இசப்கோல் வேண்டாம்

பூந்தமல்லி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. செகண்ட் ஷிப்ட் முடிந்து ஆவடி ரூமுக்கு வந்ததும் அரை டம்ளர் தண்ணீரில் இசப்கோலைக் கலந்து குடித்துவிட்டு உடனே படுத்துவிடுகிறாயாம். மலச்சிக்கலும் தீரவில்லை, வயிறும் உப்பிக்கொண்டே இருக்கிறது என்று உன் அம்மா போனில் சொன்னாள். இத்தனை வருஷம் மருந்து கொடுத்த கை, எழுதாமல் இருக்க முடியவில்லை.

இசப்கோல் குடலை முடுக்கிவிடும் பேதி மாத்திரை மாதிரி இல்லை. குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு செடியின் விதைமேல் இருக்கும் உமி, அவ்வளவுதான். ரோஸ்மில்க்கில் போடும் சப்ஜா விதை மாதிரி தண்ணீரை இழுத்து வழவழவென்று ஊதும். அது மலத்தோடு சேர்ந்து மலத்தை இளக்கிப் பருமனாக்கும். பருமன் கூடினால் குடல் தானாகவே சுருங்கித் தள்ளும். தண்ணீர் போதாவிட்டால் அதே உமி குடலில் அடைத்துக்கொள்ளும். தொண்டையில் ஊதி நின்றால் மூச்சே திணறும்.

ஒரு டீஸ்பூனில் ஆரம்பி. முழு டம்ளர், அதாவது கால் லிட்டர் தண்ணீர். கலக்கியதும் கூழாவதற்குள் குடித்துவிடு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடி. படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், காலையில் எடு. பலன் தெரிய 12 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை ஆகும். அவசரப்பட்டு அளவை இரட்டிப்பாக்காதே. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடு. அந்த மாத்திரையாலும் மலம் இறுகும். நீயாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேள்.

எனக்கு மனசு பதறியது வேறு விஷயத்துக்கு. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும் என்பதால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முழுக்க நீ தண்ணீரே குடிப்பதில்லையாமே! மலம் வரும்போது அடக்கினால் குடல் அதிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடும், பாப்பா. இதைச் சரிசெய்யாமல் எத்தனை டப்பா இசப்கோல் வாங்கினாலும் பிரயோஜனமில்லை. ஆலையில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியாயிற்று. யாரும் உனக்குத் தயவு செய்யவில்லை. லைனில் நிற்கும் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

மலத்தில் ரத்தம், வாந்தி, கடுமையான வயிற்றுவலி, காற்றுகூடப் பிரியாமல் வயிறு வீங்குவது, காரணமில்லாமல் இளைப்பது, இவற்றில் எது வந்தாலும் இசப்கோலை நிறுத்திவிட்டு, இ.எஸ்.ஐ. கார்டோடு அயனாவரம் ஆஸ்பத்திரிக்குப் போ. வாந்தியும் வீக்கமும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே.

அம்மாவும் உன் டப்பாவில் கொஞ்சம் கேட்டாளாம். சுவை சேர்த்த பொடிகள் சிலவற்றில் சர்க்கரை இருக்கும், அவளுக்கோ சுகர். லேபிளைப் படித்துப் பார்த்து வெறும் உமியாக வாங்கிக் கொடு. அவள் சுகர் மாத்திரையை எவ்வளவு தள்ளிப் போடுவது என்று அவள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா