தச்சுப் பாடமா? ஏ லெவலில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும்

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் ஏ லெவலுக்குப் பாடம் தெரிவு செய்யும் காலம் வந்தால் எமது அன்னதான மண்டபத்தில் அதே பேச்சுத்தான்: கணிதம், இரசாயனம், பௌதிகம், உயிரியல். மூன்றாவது பாடமாக ‘டிசைன் அன்ட் டெக்னோலஜி’ எடுக்கப் போவதாக எமது மகள் சொன்னபோது, “தச்சு வேலை படிக்கவோ இங்கை வந்தனாங்கள்?” என்று கேட்டவர்கள் நாமேதான். அவளுடைய இரண்டு வருடப் படிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்த பின் இதை எழுதுகிறோம்.

இங்கிலாந்தில் ஏ.கியூ.ஏ. சபையின் பாடத்திட்டப்படி (2019 இல் முதற் பரீட்சை நடந்தது) புள்ளிகளில் பாதி இரண்டு எழுத்துப் பரீட்சைகளுக்கு: முதலாவது இரண்டரை மணித்தியாலம், 30 வீதம், இரண்டாவது ஒன்றரை மணித்தியாலம், 20 வீதம். மற்றப் பாதி, பிள்ளை தானே தெரிவு செய்து செய்யும் ஒரு செயற்திட்டத்துக்கு. அதற்குரிய 100 புள்ளிகளில் தேவையை ஆராய்வதற்கு 20, என்ன செய்யப் போகிறோம் என வரையறுப்பதற்கு 10, வடிவத்தை வளர்ப்பதற்கு 25, மாதிரியைச் செய்வதற்கு 25, சோதித்து மதிப்பிடுவதற்கு 20. வாளும் உளியும் பிடிப்பது காற்பங்குதான். நாம் தச்சுப் பாடம் என்று நினைத்ததில் முக்காற்பங்கு யோசிப்பதும் எழுதுவதும்!

மகள் எடுத்த பிரச்சினை எமது ஆலயத்திலேயே கிடைத்தது. முழங்கால் நோவால் நிலத்தில் இருக்க முடியாத அம்மம்மாமார் பூசை நேரத்தில் பின்சுவரோரக் கதிரைகளுக்குப் போய்விடுகிறார்கள், சந்நிதி தெரிவதில்லை. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காத ஒரு பதிந்த இருக்கை வேண்டும். எட்டுப் பேரின் முழங்கால் மடிப்பிலிருந்து நிலம் வரை அளந்தாள். முதலில் காட்போட் மட்டையில், பிறகு பிளைவுட்டில் ஒரு மாதிரி செய்தாள். அம்மம்மா அதில் வசதியாகத்தான் இருந்தார். எழும்பும்போது ஒரு கையை ஓரத்தில் ஊன்றினார், இருக்கை சரிந்தது. நல்ல வேளை, மகள் பிடித்துக்கொண்டாள். “எப்படி இருப்பீங்கள்?” என்று எல்லாரிடமும் கேட்டவள், “எப்படி எழும்புவீங்கள்?” என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

அடுத்த மாதிரியில் கால்கள் வெளிப்புறம் விரிந்தன, இரு பக்கமும் கைபிடி வந்தது, உயரம் 6 சென்ரிமீற்றர் கூடியது. சேலை சிக்கிய மூலை உருட்டப்பட்டது. சரிந்த மாதிரியின் படத்தைக் கோப்பில் போட வேண்டாம், நல்லதை மட்டும் காட்டு என்று நாம் சொன்னோம். பிழையான ஆலோசனை. எது தவறியது, ஏன் தவறியது, அதனால் எதை மாற்றினாய் என்பதற்குத்தான் புள்ளி.

இன்னொரு பிழையும் விட்டோம். பொறியியலாளரான மாமா ஒருவர் பாசத்தோடு தன் கராஜில் நான்கு கால்களையும் அழகாகக் கடைந்து கொடுத்தார். வேலை முழுவதும் மாணவருடையதே என ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். தான் பார்க்காத வேலைக்கு அவரால் அது முடியாது. மகள் கால்களை மீண்டும் பாடசாலையிலேயே செய்தாள். மூன்று கிழமை போனது. மாமாவின் கால்கள்தான் வடிவு, அதில் சந்தேகமில்லை.

எழுத்துப் பரீட்சையும் இலேசானதல்ல. உருக்கிய பிளாஸ்ரிக்கை உருக்கு அச்சினுள் அழுத்திச் செலுத்தும் முறை ஆயிரக்கணக்கில் செய்தால் ஏன் மலிவு, பத்துச் செய்தால் ஏன் கட்டாது என்று விளக்க வேண்டும். குறைந்தது 15 வீதம் கணிதம். 1919 இல் ஜேர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் கலைக்கூடம், டீற்றர் ராம்ஸ் போன்றோரும் உண்டு. பாடசாலை வாசல்களில் நாம் தினமும் காணும், சிறுமி சிறுவனைக் கைபிடித்துச் செல்லும் வீதிக் குறியீட்டை வரைந்தவர் மார்கரெட் கல்வேர்ட். 1965 இல் நடைமுறைக்கு வந்த பிரித்தானிய வீதிக் குறியீடுகளை ஜொக் கினியருடன் சேர்ந்து வடிவமைத்தவரும் அவரே.

பல்கலைக்கழகம் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யூகாஸ் புள்ளிக் கணக்கில் எந்தப் பாடத்து ‘ஏ’ சித்திக்கும் 48 தான். ஆனால் பாடங்களைப் பெயர் சொல்லிக் கேட்கும் துறைகள் உண்டு. மருத்துவத்துக்குப் பெரும்பாலும் இரசாயனம் தேவை. பொறியியலுக்குக் கணிதமும் பல இடங்களில் பௌதிகமும் தேவை. ஆகவே அவற்றோடு மூன்றாவதாக இதை எடுப்பது பாதுகாப்பு. கட்டடக்கலைக்குப் பல இடங்களில் பிள்ளையின் வேலைக்கோப்பைக் கேட்பார்கள். அங்கே இது நேரடியாக உதவும். எல்லாப் பாடசாலைகளிலும் இப்பாடம் இல்லை என்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

மகளின் கோப்பைப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைப் பூசையின் பின் எம்மிடம் கேட்கலாம். இருக்கை மண்டபத்தில் முதற் தூணருகே இருக்கிறது. ஒரு காலின் இறப்பர் கழன்றுவிட்டது. விடுமுறைக்கு வரும்போது மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுவரை இடப்பக்கம் ஊன்றி எழும்பவும்.