தூண்களிடையே ஓர் அங்காடி

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டுகளில் மட்டும் இருப்பதன்று. மக்கள் பொருள் விற்கவும் வாங்கவும் கூடிய இடங்களிலும் அது பதிந்திருக்கிறது. மதில் சூழ்ந்த பழைய மதுரையில் கல்மண்டபம் ஒன்று அங்காடியாக மாறியதையும், பின்னர் அவ்வங்காடி இடம்பெயர்ந்ததையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மண்ணும் அங்காடியும்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரை உடையது. அங்குள்ள பழமலைநாதர் கோயிலின் உயர்ந்த மதில்கள், 18ஆம் நூற்றாண்டுக் கர்நாடகப் போர்க்காலத்தில் படைகளுக்கு அரணாகவும் விளங்கின. இன்று அவ்வூர் பீங்கான் நகரமாக அறியப்படுகிறது. களிமண்ணைக் கூழாகக் கரைத்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, மெருகு பூசிச் சூளையில் சுட்டுப் பொம்மைகளும் குவளைகளும் செய்கின்றனர். சூளையிலிருந்து வெளிவரும் குவளை, அதைப் பயன்படுத்துவோர் கையைச் சேரும்போதுதான் அவ்வுழைப்பு பயன் பெறுகிறது. செய்பவரையும் வாங்குபவரையும் இணைப்பது அங்காடி. ஆகவே, ஓர் அங்காடியின் இடமாற்றம் பலருடைய வாழ்வைத் தொடும் நிகழ்வாகிறது. இவ்வுண்மையை உணர்த்தும் சான்று, மதுரையின் புதுமண்டபம்.

இலக்கியம் காட்டும் மதுரை

பகலில் இயங்கிய நாளங்காடியையும் இரவில் இயங்கிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் புறஞ்சேரியில் விட்டுக் கோவலன் கோட்டைக்குள் நுழைகிறான். மணிகள், பொன், துணி, தானியம் எனப் பொருள்வாரியாகப் பிரிந்திருந்த கடைவீதிகளைக் கண்டு திரும்புகிறான். மதில், வாயில், வீதி, அங்காடி என்னும் ஒழுங்கு அந்நகருக்குப் புதியதன்று என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

மதிலும் மண்டபமும்

திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரே புதுமண்டபத்தை எழுப்பினார். இறைவனும் இறைவியும் எழுந்தருளும் வசந்த விழாவிற்காக அது கட்டப்பட்டது. வசந்த மண்டபம் என்னும் பெயரும் அதற்கு உண்டு. நான்கு வரிசைகளாக நிற்கும் 124 தூண்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. மீனாட்சி திருக்கல்யாணம், கரும்பு தின்னும் கல்யானை, நாயக்க மன்னர்களின் உருவங்கள் ஆகியவை தூண்களில் உயிர்பெற்று நிற்கின்றன. வெயிலின் வெம்மை தணிய, மண்டபத்தைச் சுற்றி நீர் நிரப்புவதற்குரிய தாழ்ந்த பகுதியும் அமைக்கப்பட்டது.

1840களில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதில்களை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரை விரிவுபடுத்தினார். மதில் இருந்த இடங்கள் வீதிகளாயின. மண்டபத்தின் அருகே நிற்கும் விட்டவாசல், பாண்டியர் காலக் கோட்டையை இன்றும் நினைவூட்டுகிறது.

தூண்களிடையே தொழில்கள்

காலப்போக்கில் விழா மண்டபம் அங்காடியாயிற்று. வெயிலும் மழையும் புகாத கூரையும், கோயிலுக்கு வரும் மக்கள் கூட்டமும் வணிகத்திற்குத் துணைநின்றன. பித்தளைப் பாத்திரங்கள், வளையல்கள், பூசைப்பொருள்கள், நூல்கள் எனக் கடைகள் பெருகின. சிற்பங்களின் காலடியில் தையல் இயந்திரங்கள் ஓடின. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு வேடமிட்டு நேர்த்திக்கடன் செலுத்துவோரின் உடைகளும், தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்தும் ஆடைகளும் அங்கே தைக்கப்பட்டன. எந்த விழாவிற்கு எந்த உடை, எத்தகைய சரிகை என்பதை அறிந்த தையற்கலைஞரைத் தேடி வெளியூர் மக்களும் வந்தனர். பொருளோடு தொழிலறிவும் கூடியிருந்த இடமாக மண்டபம் திகழ்ந்தது.

கல்லும் கடையும்

ஆயினும், அடுக்குகளும் தடுப்புகளும் சிற்பங்களை மறைத்தன. ஆணி அறைதலும் புகையும் கல்லுக்கு ஊறு விளைத்தன. 2018 பிப்ரவரி 2 அன்று, மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகளில் தீப்பற்றியது. மண்டபத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கல்மண்டபமும் தீயால் அழியக்கூடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. பின்னர்ப் புதுமண்டபக் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திர வணிக வளாகத்திற்கு மாற்றப்பட்டன.

இம்மாற்றத்தால் மறைந்திருந்த சிற்பங்கள் வெளிப்பட்டன. அதே வேளையில், வழிவழியாக ஒரே தூணருகே தொழில் செய்தோர் பழகிய இடத்தையும் நாள்தோறும் தேடிவந்த வாடிக்கையாளர்களையும் விட்டுப் பிரிய நேர்ந்தது. கலைச்செல்வத்தைக் காப்பது அரசின் கடமை. அதன் நிழலில் வளர்ந்த தொழில்களுக்கு வாழ்வளிப்பதும் அக்கடமையின் பகுதியே. உளிபிடித்த கையையும் ஊசிபிடித்த கையையும் ஒருசேரப் போற்றும் சமூகத்திலேயே மரபு நிலைபெறும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ச் சந்தைக்குச் சென்று, அங்கு விற்கப்படும் கைவினைப்பொருள் ஒன்று உருவாகும் முறையைக் கேட்டறிந்து எழுதுக.
2. பழைய கட்டடங்களில் இயங்கும் கடைகளை அகற்றுவது தேவையா? இருதரப்புக் கருத்துகளையும் தொகுத்து வகுப்பறையில் உரையாடுக.