வளரும் நிரலும் சார்புச் சிக்கலும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்

முன்னுரை

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல் என்பதை முதலாண்டிலேயே படித்துவிட்டோம். ஆய்வுக்கூடத்தில் நாம் எழுதும் நிரல்கள் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வரிகளில் முடிந்துவிடுகின்றன. பகா எண்ணைக் கண்டுபிடித்தல், பெயர்களை அகரவரிசைப்படுத்தல் போன்ற அவற்றை ஒரே மூச்சில் படித்துப் பிழையைக் கண்டுவிடலாம். ஆனால் பட்டம் பெற்றுப் பணிக்குச் செல்வோருக்கு அங்கே காத்திருப்பவை, பலர் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த இலட்சக்கணக்கான வரிகள். அங்கே புதிதாக எழுதுவதைவிட, இருப்பதை மாற்றுவதே பெரிய வேலை. “இதைத் தொட்டால் வேறு எதெது கெடும்?” என்னும் வினாவுக்கு விடை சொல்லத் தெரிந்தவரே அங்கே பயன்படுவார். அவ்வினாவைப் பற்றியதே இக்கட்டுரை.

சார்பு என்றால் என்ன?

பெரிய நிரலைப் பல துண்டுகளாகப் பிரித்து எழுதுவர். ஆங்கிலத்தில் மாட்யூல் எனப்படும் அத்துண்டை நான் இங்கே ‘பகுதி’ என்றே குறிப்பிடுகிறேன். ஒரு பகுதி தன் வேலையை முடிக்க இன்னொரு பகுதியின் உதவியை நாடுமானால், முன்னது பின்னதைச் சார்ந்துள்ளது என்கிறோம். இதைத் தாளில் ஓர் அம்புக்குறியால் காட்டலாம். சார்ந்திருப்பதிலிருந்து சாரப்படுவதை நோக்கி அம்பு செல்லும்.

பகுதிகள் பெருகப் பெருக, அவற்றிடையே ஏற்படக்கூடிய தொடர்புகள் மிக விரைவாகப் பெருகுகின்றன. 5 பகுதிகளிடையே 10 இணைகள்; 10 பகுதிகளிடையே 45; 100 பகுதிகளிடையே 4,950. பகுதிகள் இருபது மடங்கு ஆகும்போது இணைகள் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு ஆகிவிடுகின்றன. இவற்றுள் எவை வேண்டும், எவை வேண்டா என்று தீர்மானிப்பதே சார்பு மேலாண்மை.

ஓர் எடுத்துக்காட்டு

நம் கல்லூரி அலுவலகத்திற்காக ஒரு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். அதில் ஐந்து பகுதிகள் உள்ளன: மாணவர் பதிவேடு, வருகை, கட்டணம், அச்சு, தேர்வு நுழைவுச்சீட்டு. வருகைப் பகுதி மாணவர் பெயரை அறியப் பதிவேட்டைச் சார்கிறது. கட்டணப் பகுதியும் அவ்வாறே. நுழைவுச்சீட்டுப் பகுதியோ வருகை போதுமா, கட்டணம் செலுத்தப்பட்டதா எனப் பார்த்துச் சீட்டை அச்சிட வேண்டியிருப்பதால் வருகை, கட்டணம், அச்சு ஆகிய மூன்றையும் சார்கிறது. ஆக மொத்தம் ஐந்து அம்புகள்.

இவற்றை எந்த வரிசையில் எழுதிச் சோதிப்பது? 1962-ஆம் ஆண்டு ஆர்தர் கான் என்பவர் வெளியிட்ட எளிய முறை ஒன்று உண்டு. எதையும் சாராத பகுதிகளை முதலில் எடுத்து எழுதுக. அவற்றை நோக்கிய அம்புகளை அழித்துவிடுக. இப்போது எதையும் சாராமல் நிற்பவற்றை எடுக்க. இவ்வாறே தொடர்க. நம் எடுத்துக்காட்டில் முதலில் பதிவேடும் அச்சும் வரும், அடுத்து வருகையும் கட்டணமும், இறுதியில் நுழைவுச்சீட்டு. ஒவ்வொன்றையும் அதற்குக் கீழுள்ளவை சரியாக இருக்கின்றன என்னும் உறுதியோடு சோதிக்கலாம்.

இப்போது ஒரு புதிய தேவை வருகிறது. மாணவர் பெயரைத் தட்டினால் அவருக்குச் சீட்டு வழங்கப்பட்டதா என்பதும் தெரிய வேண்டும் என்கின்றனர். எழுதுபவர், “இரண்டே வரிதானே” என்று பதிவேட்டுப் பகுதியிலிருந்தே நுழைவுச்சீட்டுப் பகுதியை அழைத்துவிடுகிறார். நிரலும் இயங்குகிறது. ஆனால் கானின் முறையை மீண்டும் செய்து பாருங்கள். அச்சு ஒன்றுதான் தனியே வருகிறது. மற்ற நான்கும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன. பதிவேடு சீட்டையும், சீட்டு வருகையையும் கட்டணத்தையும், அவை மீண்டும் பதிவேட்டையும் சார்ந்து ஒரு வட்டம் உருவாகிவிட்டது. பெயருக்கு நான்கு பகுதிகள் இருப்பினும், உண்மையில் அவை ஒரே பெரிய பகுதி. ஒன்றைத் தனியே சோதிக்க இயலாது. ஒன்றைத் தனியே எடுத்து வேறிடத்தில் பயன்படுத்தவும் இயலாது. இக்காரணத்தாலேயே கோ போன்ற சில மொழிகள், இத்தகைய வட்டம் இருப்பின் நிரலை மொழிமாற்றவே மறுத்துவிடுகின்றன.

வட்டத்தை உடைக்கும் வழிகள்

முதல் வழி, புதிய தேவையை மேலே தூக்கி வைப்பது. ‘மாணவர் விவரத்திரை’ என்று ஒரு புதிய பகுதியை எழுதி, அது பதிவேட்டையும் சார்ந்திருக்கட்டும், நுழைவுச்சீட்டையும் சார்ந்திருக்கட்டும். பதிவேட்டுக்குச் சீட்டைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அம்புகள் எல்லாம் மீண்டும் கீழ்நோக்கியே செல்லும்.

இரண்டாம் வழி, பொதுவானதைக் கீழே இறக்குவது. இரு பகுதிகள் ஒன்றையொன்று நாடுவதற்குக் காரணம் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று என்றால், அதைப் பிரித்து மூன்றாவது பகுதியாக்கி, இரண்டும் அதைச் சாருமாறு செய்யலாம்.

மூன்றாம் வழி, அம்பையே திருப்புவது. நுழைவுச்சீட்டுப் பகுதி இன்று ஒரு குறிப்பிட்ட அச்சுப்பொறியைச் சார்ந்திருக்கிறது. நாளை தாளுக்குப் பதிலாகக் கைப்பேசிக்கே சீட்டை அனுப்ப வேண்டுமென்றால் என் செய்வது? சீட்டுப் பகுதி, “பெயரும் எண்ணும் பாடங்களும் தருவேன், அவற்றை வெளியிட ஒருவர் வேண்டும்” என்று ஒரு நிபந்தனையை மட்டும் எழுதிவைக்கலாம். அச்சுப் பகுதி அந்நிபந்தனைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும். இப்போது அச்சுதான் சீட்டின் நிபந்தனையைச் சார்கிறது. சுவரிலுள்ள மின்துளை, தன்னில் செருகப்படுவது விசிறியா விளக்கா என்று கேட்பதில்லை. செருகி பொருந்தினால் போதும். அதுபோன்றதே இதுவும். 1990-களில் ராபர்ட் மார்ட்டின் இக்கருத்தை ஒரு விதியாக வகுத்து எழுதினார்.

எப்படிப் பிரிப்பது?

அம்புகளைத் திருத்துவதற்கு முன், பிரித்ததே சரிதானா என்று கேட்க வேண்டும். இதற்கு விடையளித்தவர் டேவிட் பார்னஸ். 1972 டிசம்பரில் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் படிக்கப்படுகிறது. சொல்லடைவு தயாரிக்கும் சிறு நிரல் ஒன்றை அவர் இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். முதல் வகை, வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பது: உள்ளீடு, சொற்களைச் சுழற்றுதல், அகரவரிசைப்படுத்தல், வெளியீடு என்று. பெரும்பாலோர் இயல்பாகவே இவ்வாறுதான் பிரிப்பர். ஆனால் வரிகள் நினைவகத்தில் எவ்வடிவில் உள்ளன என்பதை எல்லாப் பகுதிகளும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. அவ்வடிவத்தை மாற்றினால் எல்லாப் பகுதிகளையும் மாற்ற வேண்டும்.

இரண்டாம் வகையில், எதிர்காலத்தில் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வைத்தார். வரிகளைச் சேமிக்கும் வடிவம் ஒரே பகுதிக்கு மட்டுமே தெரியும். அது மாறினால் அப்பகுதி ஒன்றே மாறும். எது மாறக்கூடுமோ அதை மறை என்பதே அவர் தந்த அளவுகோல்.

1974-இல் ஸ்டீவன்ஸ், மையர்ஸ், கான்ஸ்டன்டைன் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரை இதற்கு வேறொரு வடிவம் கொடுத்தது. ஒரு பகுதிக்குள் இருப்பவை ஒன்றோடொன்று நெருங்கிய உறவுடையனவாக இருக்க வேண்டும். பகுதிகளுக்கிடையே உள்ள பிணைப்போ இயன்றவரை தளர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நிரலர் மட்டுமன்றிக் கருவிகளும் இச்சார்புகளை அறிந்திருக்க வேண்டும். 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ என்னும் கருவி, எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்னும் பட்டியலைப் படித்து, மாறியதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டுமே மீண்டும் மொழிமாற்றும். நம் எடுத்துக்காட்டின் முதல் வடிவில் அச்சு மாறினால் நுழைவுச்சீட்டு ஒன்றே உடன் மாறும். பதிவேடு மாறினால் மூன்று பகுதிகள் உடன் மாறும். அதிகமானோர் சார்ந்திருக்கும் பகுதியை அடிக்கடி மாற்றலாகாது என்னும் உண்மை இதிலிருந்து விளங்கும்.

கவனக்குறைவின் விலை

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்ட ஏரியான் 5 ஏவுகலம் நாற்பது வினாடிக்குள் வழிதவறிச் சிதறியது. அதன் திசைகாட்டும் நிரல் முந்தைய ஏரியான் 4-இலிருந்து எடுக்கப்பட்டது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் கட்டளை அதிலிருந்தது. 16 பிட்டில் 32,767-க்கு மேல் கொள்ளாது. பழைய கலத்தின் பாதையில் அவ்வெண் அந்த எல்லையைத் தாண்டாது. புதிய கலத்தில் தாண்டியது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியும் அதே நிரலை உடையதாதலால் அதுவும் நின்றது. ஏட்டில் எழுதப்படாத ஒரு சார்பு, அஃதாவது “வேகம் இவ்வளவுக்கு மேல் போகாது” என்னும் நம்பிக்கை, அந்நிரலுக்குள் ஒளிந்திருந்தது.

வெளியிலிருந்து எடுத்தாளும் பகுதிகளிலும் இதே இடர் உண்டு. 2016 மார்ச்சில், சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் 11 வரிப் பகுதி ஒன்றை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். உடனே உலகெங்கும் பல்லாயிரம் நிரல்களை உருவாக்கும் பணி தடைப்பட்டது. அவர்களுள் பலர் அப்பகுதியின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் சார்ந்த ஒன்று சார்ந்த மற்றொன்று அதைச் சார்ந்திருந்தது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் பகுதியில் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, “நம் நிரலில் அது இருக்கிறதா?” என்று தேடுவதே பல நிறுவனங்களுக்குப் பெரும்பாடாயிற்று. எனவே நேரடிச் சார்புகளையும் மறைமுகச் சார்புகளையும், அவற்றின் துல்லியமான பதிப்பெண்களோடு எழுதிவைக்கும் வழக்கம் இன்று வலுப்பெற்றுள்ளது.

முடிவுரை

ஒரு பகுதியைப் படிப்பவர், மற்ற பகுதிகளைத் திறந்து பாராமலே அதைப் புரிந்துகொள்ள முடியுமானால் அந்நிரல் நல்ல நிரல் என்பது என் கருத்து. நம் வகுப்பில் குழுவாகச் செய்யும் திட்டப்பணிகள் மதிப்பெண் இட்டதோடு முடிந்துபோகின்றன. அடுத்த ஆண்டு இளையவர்கள் அவற்றைத் தொடாமல் மீண்டும் முதலிலிருந்தே தொடங்குகின்றனர். அறிவு குறைந்ததாலன்று, எதை எங்கே தொடுவது என்று காட்டும் படம் இல்லாததால்தான்.

ஆதலின் பேராசிரியர்களுக்கும் உடன் பயிலும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. ரெக்கார்டு நோட்டில் நிரலை எழுதும் முன், முதற் பக்கத்தில் பகுதிகளின் பெயரை எழுதி அம்புக்குறிகளை வரைவோம். வட்டம் இருந்தால் பென்சிலால் வட்டமிட்டு, அதை உடைத்த பின்னரே அடுத்த பக்கத்திற்குச் செல்வோம். ஒவ்வொரு பகுதிக்கும் அருகே, அது எதை மறைக்கிறது, எதை நம்பியிருக்கிறது என்று இரு வரி எழுதுவோம். இதற்குக் கணிப்பொறியும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. ஒரு தாளும் பென்சிலும் போதும். நமக்குப் பின் வருவோர் நம் நிரலை எடுத்து மேலே கட்ட முடியுமாயின், அதுவே நாம் இக்கல்லூரிக்கு விட்டுச்செல்லும் நல்ல சொத்தாகும்.