இலையில் வெள்ளை: அழகா, நோயா?



நர்சரிகளில் அழகு மிளகாய்ச் செடி கிடைக்கிறது. குரோட்டன்ஸ் மாதிரி இலையில் பச்சையும் வெள்ளையும் கலந்திருக்கும். காய் நல்ல காரம், குழம்புக்கும் ஆகும். சூலூர்ப் பக்கம் நாங்கள் குழுக் கூட்டத்துக்குப் போனால், "ஏனுங்க, இது சீக்கு வந்த செடிங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நோய்ச் செடியை அழகு என்று வாசலில் வைத்தால், பக்கத்து மிளகாய்க் காட்டுக்கும் பரவிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. பிறவி நிறம்: நாற்றிலேயே தெரியும். வெள்ளைத் திட்டின் ஓரம் தெளிவாக இருக்கும். இலை சுருங்காது, காய் கோணாது.

2. தேமல் நோய்: நன்றாக இருந்த செடியில் பிறகு வரும். வெளிர்பச்சையும் கரும்பச்சையும் மங்கலாகக் கலக்கும். இலை சிறுத்துச் சுருங்கும், செடி குட்டையாகும். இது வைரஸ், குணப்படுத்த மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி பரப்பும். செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

சந்தேகம் என்றால் தோட்டக்கலை அலுவலரிடம் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

வளர்க்கும் முறை

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவு கலந்து தொட்டியில் நிரப்புங்கள். இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் செடி மெதுவாகத்தான் வளரும். சித்திரை வெயிலில் கருகும். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடம் நல்லது. அசுவினிக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். புகையிலை தொட்ட கையோடு செடியைத் தொடாதீர்கள்; அதிலிருந்தும் தேமல் வைரஸ் ஒட்டும்.

நர்சரிச் செடியில் உள்ள காயைச் சமைக்க வேண்டாம். அழகுச் செடி என்று பூச்சிமருந்து அடித்திருக்கலாம். அதைப் பழுக்கவிட்டு விதை எடுங்கள். விதை போட்டு வளர்த்த செடியின் காயே சமையலுக்கு.

விதை பத்திரம்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வளர்த்த 'மீன் மிளகாய்' இந்த வகைதான். வெள்ளைக் காயை மீன் சமையலுக்குப் போட்டார்கள். அழியப் போன அந்த வகை, 1940-களில் ஹோரஸ் பிப்பின் என்ற ஓவியர் தெரிந்தவருக்குக் கொடுத்த விதையால் பிழைத்தது.

நாமும் நோயில்லாத, நிறம் நன்றாக அமைந்த செடியில் மட்டும் விதை எடுப்போம். சில நாற்று முழுப் பச்சையாக வந்தாலும் பரவாயில்லை, அதுவும் மிளகாய்தான். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு 10 விதை கொண்டுவாருங்கள், மாற்றிக்கொள்வோம்!